பைபர் படகின் அவுட்போர்டு மோட்டார்: எரிபொருளை மிச்சப்படுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு, தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்கள் கிடந்த இடத்தைப் பைபர் படகுகள் வேகமாகப் பிடித்துக்கொண்டன. துடுப்பும் பாயும் போய் மோட்டார் வந்தது. அதோடு நாள் தவறாமல் எரிபொருள் வாங்கும் செலவும் வந்தது. சோழமண்டலக் கரையில் டீசலில் ஓடும் நீண்ட வால் எஞ்சின்கள் பரவலாக உண்டு. தெற்கே போகப் போக, 9.9 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு மோட்டாரைப் பின்பலகையில் மாட்டிக்கொண்டு, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற படகுகளை மிகுதியாகப் பார்க்கலாம். அப்படியொரு படகையும் மோட்டாரையும் முதன்முறையாகச் சொந்தமாக்கிக்கொண்டவருக்காக இதை எழுதுகிறேன்.

மோட்டார் எரிபொருளை அதிகம் குடிக்கிறது என்று தோன்றியதும் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்பதைத் தீர்மானிப்பவை ஓட்டுகிறவரின் கை, புரொப்பல்லர், படகின் எடை, படகின் அடிப்பகுதி ஆகிய நான்கும்தான். மோட்டாரின் உட்பகுதி கெடாமல் இருந்தால் போதும். அதனுள்ளே புகுந்து மிச்சம் தேடுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. எனவே கீழே சொல்லப்படும் வேலைகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

முதல் வேலை: அளப்பது

மானிய விலை மண்ணெண்ணெய் கைவசம் இருக்கும்வரை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அது தீர்ந்து வெளிச்சந்தையில் வாங்கும் நாளில்தான் கணக்கு நினைவுக்கு வருகிறது. அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அளவுக்கோடு போட்ட, எரிபொருளால் கரையாத பிளாஸ்டிக் கேன் ஒன்று, கடலில் இடம் பார்க்க நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் ஜிபிஎஸ், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு ஆகியவை போதும். அலை அடங்கிய காலை நேரத்தில், வழக்கமாக ஏற்றுகிற வலை, ஐஸ், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். வெறும் படகில் எடுத்த அளவு தொழிலுக்கு உதவாது. மோட்டார் நன்றாகச் சூடான பிறகு, எரிபொருள் குழாயைச் சரியாக ஒரு லிட்டர் ஊற்றிய கேனுக்கு மாற்றி, கைப்பிடியை ஒரே நிலையில் வைத்து நேராக ஓட்டுங்கள். அந்த லிட்டர் எத்தனை நிமிடம் வந்தது, எத்தனை கடல் மைல் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பாதையில் திரும்பி, இன்னொரு லிட்டரில் ஓட்டிப் பாருங்கள். நீவாடும் (கடல் நீரோட்டம்) காற்றும் போகும்போது உதவியிருந்தால் வரும்போது தடுக்கும் என்பதால், இரண்டின் சராசரிதான் உண்மையான அளவு. கேன் முழுக்க வற்றும்வரை ஓட்டிக் காற்றை இழுக்க விடாமல், அடியில் எப்போதும் ஒரே அளவு மிச்சம் வைத்து, அதற்கு மேல் அந்த ஒரு லிட்டரை ஊற்றிக்கொள்வது நல்லது.

முழு வேகத்தில் ஒருமுறையும், முக்கால் அளவில் ஒருமுறையும், அரையளவில் ஒருமுறையும் இப்படி எடுத்த குறிப்புதான் உங்கள் படகின் ஜாதகம். பின்னால் எதை மாற்றினாலும் இந்த எண்களோடு ஒப்பிட்டுத்தான் பயன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

கைப்பிடியில் இருக்கும் மிச்சம்

பணம் செலவழிக்காமல் கிடைக்கும் மிகப் பெரிய சிக்கனம் இதுதான். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனத்த படகுக்கு, அதன் நீளத்தைப் பொறுத்து ஓர் இயல்பான வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக் கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று, கிடைக்கும். நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் வர்க்கமூலம் 5. எல்லை ஏறத்தாழ 6.7 நாட். அதற்கு மேல் போக முயலும்போது படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற வேண்டியிருக்கிறது. பின்பக்கம் தாழ்ந்து அணியம் (படகின் முன்பகுதி) மேலே தூக்கும். எரிபொருள் வேகமாகத் தீரும், வேகமோ கொஞ்சம்தான் கூடும். வெறும் படகாக இருக்கும்போது தண்ணீரின் மேல் வழுக்கி ஓடக்கூடிய தட்டை அடிப் படகுகள்கூட, வலையும் ஐஸும் ஏற்றியபின் 9.9 குதிரைத்திறனில் வழுக்கு நிலைக்கு வருவதில்லை. ஏறவும் முடியாமல் இறங்கவும் மனமில்லாமல் அந்த அலை மேட்டிலேயே நின்று எரிபொருளைக் கரைக்கின்றன.

இந்த எல்லையை ஒட்டிய வேகங்களில் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏறத்தாழ ஒத்துப்போகும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவையான திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. பயணம் கொஞ்சம் நீள்வதைக் கழித்தாலும் ஒரு மைலுக்கான எரிபொருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகிறது. கணக்கு எப்படி விழும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: முழு வேகத்தில் ஒரு லிட்டருக்கு 14 நிமிடமும் 1.7 கடல் மைலும், முக்கால் அளவில் 20 நிமிடமும் 2.15 கடல் மைலும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 கடல் மைல் போய், அதே தூரம் திரும்பும் தொழிலுக்கு முதல் வழியில் 14 லிட்டருக்குச் சற்று மேலே, இரண்டாம் வழியில் 11 லிட்டருக்குச் சற்று மேலே ஆகும். மூன்று லிட்டர் மிச்சத்துக்கு விலை, போகவரச் சேர்த்து ஏறத்தாழ 25 நிமிடம். மீன் ஏலம் முடிந்துவிடும் என்ற அவசரமுள்ள நாளில் அந்த 25 நிமிடம் மூன்று லிட்டரைவிடப் பெறுமதியாக இருக்கலாம். வலை விடப் போகும் பின்மாலையில் அப்படி எந்த அவசரமும் இல்லை. போகும்போது மெதுவாகவும் வரும்போது தேவைப்பட்டால் மட்டும் வேகமாகவும் ஓட்டுவது என் வழக்கம்.

பாய் வைத்து ஓடிய காலத்துப் பெரியவர்களின் அறிவு இங்கே இன்றும் செல்லும். விடியலுக்கு முன் கரையிலிருந்து வீசும் காற்றோடு வெளியே போய், பகலில் கடல்காற்று எழுந்தபின் அதோடு கரை திரும்பினார்கள். எந்த நேரத்தில் நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, மீன்பாடு நடக்கும் இடத்துக்குக் கிளம்பும் நேரத்தை அரை மணி முன்பின் மாற்றுவதற்கு எந்த உதிரிபாகமும் தேவையில்லை.

புரொப்பல்லர்: பலரும் தவறவிடும் இடம்

புரொப்பல்லரில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது விட்டம்; இரண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் சறுக்கலே இல்லாமல் போனால் அது முன்னேறும் தூரம். இரண்டும் பெரும்பாலும் அங்குலத்தில்தான் இருக்கும். மோட்டாரோடு பெட்டியில் வரும் புரொப்பல்லர் பல நேரங்களில் இலேசான படகை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதைக் கனத்த மீன்பிடிப் படகில் மாட்டினால், மேட்டுச் சாலையில் பாரவண்டியை நான்காம் கியரில் ஓட்டுவது போல ஆகிவிடும்: கைப்பிடியை முழுவதும் திருகினாலும் மோட்டார் தன் சுற்றுகளை எட்டாது, திணறும், உள்ளே கரி படியும், சூடேறும், எரிபொருளும் வீணாகும். பிட்ச் மிகக் குறைவாக இருந்தாலோ மோட்டார் அலறிக்கொண்டு அளவுக்கு மீறிச் சுற்றும், படகு நகராது.

எது சரி என்பதைச் சுற்றுகளை எண்ணித்தான் சொல்ல முடியும். பிளக் கம்பியின் மேல் ஒயரைச் சுற்றி வைத்தாலே சுற்றுகளைக் காட்டும் சிறிய டாக்கோமீட்டர்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மோட்டார் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதற்கேற்ப அதன் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். வழக்கமான பாரத்தோடு, முழுத் திருகலில், நிமிடத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று பாருங்கள். உங்கள் மோட்டாருக்கு உரிய வரம்பு கையேட்டில் இருக்கும், பல 9.9, 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் அது 4500 முதல் 5500 வரை. அளவு வரம்புக்குக் கீழே நின்றால் பிட்ச் குறைந்த புரொப்பல்லரும், மேலே போனால் பிட்ச் கூடியதும் தேவை. பிட்சை ஓர் அங்குலம் மாற்றினால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று மாறும் என்பது நடைமுறைக் கணக்கு. கனத்து மெதுவாக ஓடும் படகுக்கு, கியர் பெட்டியும், புரொப்பல்லருக்கு மேலே கிடையாக நீண்டிருக்கும் கேவிடேஷன் பிளேட்டும் இடம் கொடுக்கும் அளவுக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் இருப்பதே பொருந்தும். முதல் ஆண்டில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிய புரொப்பல்லர், இரண்டு வாரத்தில் பிளக்குகளைக் கரியாக்கியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

புரொப்பல்லரை மாற்றுவதற்கு முன் இருப்பதைக் கவனியுங்கள். கரையிலிருந்து தள்ளி இறக்கும் படகுகளில் மணல் தேய்த்துத் தேய்த்து இதழ்களின் நுனி மழுங்கி, விட்டம் குறைந்துபோகும். அது மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. புதியதாக இருக்கும்போதே ஓர் இதழின் வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு இரண்டுமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிறிய நெளிவுகளை அரத்தால் சீராக்கலாம். மூன்று இதழ்களும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் அதிர்வு வந்து கியர் பெட்டியைக் கெடுக்கும். மோட்டார் வழக்கத்தைவிட அலறி, படகு மட்டும் பின்தங்கினால் நடுவிலுள்ள ரப்பர் புஷ் சறுக்குகிறதா என்று சந்தேகப்படுங்கள்: புரொப்பல்லரின் உள் உருளையிலிருந்து வெளி உருளைவரை பெயிண்டால் ஒரே கோடு போட்டு, ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டி வந்து பாருங்கள். கோடு பிளந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

மாதம் ஒருமுறையாவது புரொப்பல்லரைக் கழற்றி, தண்டில் தங்கூசி நரம்பு (தூண்டிலுக்கும் வலைக்கும் பயன்படும் நைலான் இழை) சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. உள்ளே போன நரம்பு எண்ணெய் சீலை அறுத்துவிடும், அந்த வழியாகக் கடல்நீர் கியர் பெட்டிக்குள் போகும்.

மோட்டார் தொங்கும் உயரமும் சாய்வும்

மோட்டார்கள் 15 அங்குலப் பின்பலகைக்கும் 20 அங்குலப் பின்பலகைக்கும் தனித்தனியாக வருகின்றன. கேவிடேஷன் பிளேட், படகின் அடிக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் மோட்டாரின் காலே தண்ணீரை இழுத்துத் தடை ஆகிறது. உயர்ந்தால் அலையில் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும். தாழ்ந்திருந்தால் பின்பலகையில் உறுதியான கட்டையை வைத்து உயர்த்தலாம். ஒவ்வோர் அரை அங்குலமாக உயர்த்தி, ஓட்டி, அளந்து பார்ப்பது பாதுகாப்பானது. உயர்த்தியபின் மோட்டாரைக் குளிர்வித்த நீர் வெளியேறும் துளையில் தண்ணீர் முன்போலவே பீய்ச்சுகிறதா என்று கட்டாயம் கவனியுங்கள்.

சாய்வை மாற்றும் ஊசியைப் பலர் வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. படகு ஓடும் நிலையில் கேவிடேஷன் பிளேட் நீர்ப்பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் அமிழ்ந்து அணியம் தூக்கினால் ஊசியை உள்ளே ஒரு துளை மாற்றுங்கள். அணியம் தண்ணீரைக் குத்தினால் வெளியே மாற்றுங்கள். அதற்கும் முன்னதாக ஐஸ் பெட்டியையும் எரிபொருள் கேன்களையும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பாருங்கள்; எல்லாப் பாரத்தையும் மோட்டாருக்கு அருகிலேயே குவித்துவிட்டு ஊசியைக் குறை சொல்லக் கூடாது.

எடையும் படகின் அடியும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. படகின் அடிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும் நான்கு வாளி நீரை யாரும் பாரமாக நினைப்பதில்லை. அது ஓர் ஆளின் எடை. இன்று பயன்படுத்தாத வலை, பழுதான நங்கூரம், காலிக் கேன்கள் ஆகியவற்றைக் கரையில் விட்டுவிட்டுப் போகலாம். பைபர் படகுகளில் மிதப்புக்காகத் தெர்மகோல் அடைத்த மூடிய அறைகள் உண்டு. அவற்றில் வெடிப்பு விழுந்து நீர் புகுந்தால் படகு வெளியே சரியாகத் தெரிந்தாலும் நிரந்தரமாகக் கனத்துவிடும். கரையேற்றும்போது வழக்கத்தைவிட ஆட்கள் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால் அந்த அறைகளைத் திறந்து பாருங்கள்.

தினமும் மணலில் ஏற்றி வைக்கும் படகில் பாசியும் சிப்பியும் பிடிக்காது. துறைமுகத்திலோ கழிமுகத்திலோ மிதக்கவிட்டு வைக்கும் படகில் சில வாரங்களிலேயே பிடித்துவிடும். அவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வசதி இருந்தால் சிப்பி பிடிக்காத பெயிண்ட் அடிக்க வேண்டும். நிறுத்தி வைக்கும்போது மோட்டாரையும் தண்ணீருக்கு வெளியே தூக்கி வையுங்கள்.

எரிபொருளும் எண்ணெயும்

டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெயைக் கையேடு சொல்லும் விகிதத்திலேயே கலக்க வேண்டும். 50:1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. 100:1 என்றால் 100 மில்லி. புதிய மோட்டாருக்கு முதல் 10 மணி நேரம் எண்ணெயை இருமடங்காகச் சேர்க்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. அதன்பிறகும் பயத்தில் அப்படியே தொடர்ந்தால் கரிதான் மிஞ்சும். கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். டிசிடபிள்யூ-3 (TC-W3) என்ற தரக்குறி உள்ள கடல் மோட்டார் எண்ணெயையே வாங்குங்கள்; நீரில் குளிரும் மோட்டாருக்காகச் சாம்பல் படியாதபடி செய்யப்பட்டது அது. இருசக்கர வாகனத்து டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விலை மலிவுதான், ஆனால் பிளக்கிலும் பிஸ்டனிலும் படிவு விடும்.

மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட மெதுவாக ஆவியாகிறது. தட்டலையும் (எரிபொருள் தானாகவே வெடித்து எரிவதால் எஞ்சினுக்குள் எழும் தட்டும் ஒலி) எளிதில் உண்டாக்கும். மண்ணெண்ணெய்க்கென்று அமைக்கப்பட்ட மோட்டார்களில் அழுத்தத்தைக் குறைத்திருப்பது அதனால்தான். பெட்ரோலுக்கென்றே வந்த மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றுவது பிஸ்டனைப் பணயம் வைப்பது. மண்ணெண்ணெய் மோட்டாரிலும் பெட்ரோலில் கிளப்பி நன்றாகச் சூடான பிறகே மாற்ற வேண்டும். கரை சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மிச்சமுள்ள மண்ணெண்ணெயை எரித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மறுநாள் காலை கயிறு இழுத்துத் தோள் வலிப்பதோடு, கிளப்புவதற்கே பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

இந்தியாவில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து கேனின் அடியில் தங்கும். அந்த அடிப்படிவில் எண்ணெய் இருக்காது. அதை உறிஞ்சும் டூ ஸ்ட்ரோக் மோட்டார் மசகு இல்லாமல் ஓடி, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலைச் சில நாளுக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். மூடியை இறுக்கி நிழலில் வையுங்கள். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியை எரிபொருள் குழாயில் பொருத்துங்கள். ஓடும்போது மட்டும் தொட்டி மூடியின் காற்றுத் துளையைத் திறந்து வைக்க மறக்கக் கூடாது: அது மூடியிருந்தால் குழாயின் ரப்பர் பந்து சப்பிப்போய், மோட்டார் பசித்துத் திணறும்.

எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம், தொட்டியில் போடும் மாத்திரை ஆகியவற்றை வாங்கச் சொல்பவரிடம், மேலே சொன்ன ஒரு லிட்டர் சோதனையை உங்கள் படகிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

மோட்டாரைக் கெடாமல் வைத்திருப்பது

விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. விசைப்படகுக்காரர்கள் பராமரிப்பை அந்த நாட்களில் முடித்துக்கொள்கிறார்கள். பைபர் படகுக்கு அப்படி ஒரு கட்டாய ஓய்வு இல்லாததால், தேதியை நீங்களே குறித்துக்கொண்டு செய்தாக வேண்டும்.

ஒவ்வொரு நாளும் கரை வந்ததும், உறிஞ்சும் துளை மூழ்கும் அளவு நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் காலை வைத்து, கியர் போடாமல், மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் ஓட்டுங்கள். உப்பு உள்ளே படிந்தால் மோட்டார் சூடேறும். பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் முதலில் துளையில் மணல் அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் பாருங்கள். இல்லையென்றால் இம்பெல்லர் (தண்ணீரை உள்ளே இறைக்கும் ரப்பர் சக்கரம்) தேய்ந்திருக்கும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, ரப்பர் இம்பெல்லர் எரிந்துவிடும்.

பிளக்கின் நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. ஈரக் கறுப்பாக இருந்தால் எரிபொருளோ எண்ணெயோ மிகுதி, அல்லது நெடுநேரம் மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள். வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை அல்லது மோட்டார் சூடேறுகிறது, அதை அன்றே கவனிக்க வேண்டும். இடைவெளியைக் கையேட்டில் சொன்னபடி கேஜ் வைத்துச் சரிபார்த்து, மாற்றுப் பிளக்கும் திருகியும் படகிலேயே வைத்திருங்கள். கார்புரேட்டரைக் கழுவிச் சுத்தம் செய்வது நல்லது; சிக்கனத்துக்காக ஜெட்டை (எரிபொருள் வரும் சிறு துளை) சிறிதாக்குவது கூடாது. எரிபொருள் மெலிந்த கலவையில் டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும். மிச்சமாகும் லிட்டர்களைவிடப் பல மடங்கு செலவு வரும்.

கியர் ஆயிலின் கீழ்த் திருகை இலேசாகத் தளர்த்தி, சில சொட்டுகளை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். புதிய ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான், மேல் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாராக இருந்தால் எஞ்சின் ஆயிலை முதலில் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணிக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான வழக்கம். மோட்டாரை அரிப்பிலிருந்து காக்கப் பொருத்திய துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்ததும் மாற்றப்பட வேண்டும், அவற்றின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் நோட்டில் உள்ள எண்கள் முன்பைவிட மோசமாகவே இருந்தால், அப்போதுதான் மெக்கானிக்கிடம் போக வேண்டும். இரண்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வளையங்களோ கேஸ்கெட்டோ தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மாதத்திலிருந்து, எந்தத் திருகலில், எத்தனை சுற்று குறைந்தது என்று சொல்ல முடிந்தால், அவர் பாதி மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் கூலி உங்களுக்கு மிச்சம்.